ஓடையும் உழைப்பாளியும்

தென் கொரியத் தலைநகர் சியோலின் நடுவே ஓடும் சொங்கியேசொன் ஓடையைப் பற்றிச் சில கூற விரும்புகிறோம். போருக்குப்பின் கரையில் குடிசைகளும், நீரில் கழிவும் பெருகவே, 1958 முதல் அதனைக் கான்கிரீட்டால் மூடினர். 1976-க்குள் மேலே உயர்சாலையும் எழுந்தது.

அருகிலிருந்த ‘சமாதானச் சந்தை’யின் தையற்கூடங்களில் இளம் பெண்கள் ஓய்வின்றி உழைத்தனர். அவர்கள்பொருட்டுத் தொழிற்சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரி, துணி வெட்டும் தொழிலாளி ஜொன் டே-இல் 1970 நவம்பர் 13 அன்று தீக்குளித்து மாண்டார். அவருக்கு வயது 22.

2003-இல் சாலையை இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையைத் திறந்தனர். இன்று சுமார் 5.8 கிலோமீட்டர் தூரம் நீரோரமாய் நடக்கலாம். நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இறைக்கப்படுகிறது. வழியிலுள்ள பாலமொன்றில் அத்தொழிலாளியின் சிலை நிற்கிறது. தறியை நம்பி வாழும் நம் அங்கத்தினர்கள், பூங்காவின் அழகுடன் அவரையும் நினைவிற் கொள்வார்களாக.