வெட்டிய இடம் வெள்ளையாகும் கதாசோமே

அட்டையில் பூ வடிவத்தை வெட்டியெடுத்து, துளை வழியே வண்ணம் ஒற்றினால் பூவுக்கு நிறம் வரும். நம் மாணவர்கள் செய்து பழகியதுதான். ஜப்பானின் ‘கதாசோமே’ முறையில் இது தலைகீழ். அங்கே துளை வழியே தாளில் இறங்குவது வண்ணமல்ல, பசை. ஒட்டும் தன்மையுள்ள அரிசி மாவையும் தவிட்டையும் வேகவைத்துப் பிசைந்த பசை அது. காய்ந்த பின் அதன்மேல் சோயாப் பாலில் குழைத்த வண்ணத்தைப் பூசுவார்கள். பிறகு தாளை நீரில் ஊறவிட, பசை கரைந்துவிடும். வெட்டிய பூ தாளின் நிறத்திலேயே நிற்கும்.

தாள் கிழியாதா? நம் நோட்டுத் தாள் என்றால் கிழிந்துவிடும். கோசோ மரப்பட்டையின் நீண்ட நாரில் செய்த ‘வாஷி’ தாள் தாங்கும். துணிக்குரிய இம்முறையில் நாட்காட்டிகளையும் அட்டைகளையும் தாளில் செய்து புகழ்பெற்றவர் செரிசாவா கெய்சுகே (1895–1984).

வெட்டுவதில்தான் சிக்கல். எங்களிடம் வாஷி இல்லை. கடித உறைகளில் பழையபடி வண்ணமே ஒற்றினோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பெயரின் ‘ண’வை வெட்டியதும் சுழிகளின் நடுப்பகுதி கழன்று விழுந்தது. அழுதுவிட்டாள். ஜப்பானியக் கலைஞர்கள் இதற்காக மெல்லிய இணைப்புகளை விட்டு வெட்டுவார்கள், அல்லது அச்சின்மேல் பட்டு வலையை ஒட்டுவார்கள் என்றேன். மறுமுறை ஒவ்வொரு சுழியிலும் ஒரு கீற்று விட்டாள். உறையில் அவை வெள்ளைக் கோடுகளாக விழுந்தன. அவற்றில் இலை வரைந்து கொடியாக்கிக்கொண்டாள். அது நான் சொல்லித் தந்ததல்ல.