பிரம்பு இல்லாத கண்டிப்பு

திருவனந்தபுரம் பழவங்காடியைச் சுற்றியுள்ள கிழக்குக்கோட்டை, அட்டக்குளங்கரைப் பகுதிகள் பள்ளி முடியும் நேரத்தில் சீருடை மாணவர்களால் நிறைந்துவிடுகின்றன. அவர்களுள் முரண்டு பிடிக்கும் மாணவரை எப்படி நெறிப்படுத்துவது என்ற கேள்விக்குக் கேரளம் 2010 முதல் புதிய வழிகளில் விடை தேடி வருகிறது எனலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அதே ஆண்டு நடைமுறைக்கு வந்து, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தில் தொடங்கப்பட்ட மாணவர் காவல் படைத் திட்டத்தில் உயர்நிலை வகுப்பு மாணவர்கள் இரண்டாண்டுகள் அணிவகுப்பும் சட்ட அறிவும் சமூகப் பணியும் பயில்கிறார்கள். பொறுப்பாசிரியரும் காக்கி உடுத்தி, அதே மைதானத்தில் மாணவர்களுடன் நிற்கிறார். நேரம் தவறாதே என்று சொல்பவர் தாமே நேரத்தில் வந்து நிற்பதால் சொல்லுக்குக் கனம் கூடுகிறது. எனினும், தேர்வு வைத்துச் சேர்க்கும் இப்படையில் மிகுதியும் வழிகாட்டல் தேவைப்படும் மாணவரே விடுபட்டுப் போகக்கூடும் என்பது கவனிக்கத்தக்கது.

அந்த இடைவெளியை நிரப்ப முனைவது, ‘குழந்தைகளிடம் நமக்குள்ள பொறுப்பு’ என்று பொருள்படும் ஓ.ஆர்.சி. திட்டம். நடத்தை, உணர்ச்சி, கற்றல் ஆகியவற்றில் இடர்ப்படும் மாணவரை அடையாளம் காணும் ஆசிரியர், உளவியல் ஆலோசகரையும் பெற்றோரையும் உடன் சேர்த்துக்கொண்டு, குற்றத்தைவிட அதன் காரணத்தை முதலில் விசாரிக்கிறார். வகுப்பில் சீறும் மாணவன் வீட்டில் குடியையோ பசியையோ கண்டு வந்தவனாக இருக்கலாம். காரணம் தெரிந்ததனால் விதி தளர்வதில்லை. பெஞ்சை உடைத்திருந்தால், அதைச் சரிசெய்ய அவனும் உதவத்தான் வேண்டும்.