மின்சாரக் காரில் பிரேக் திரவக் கசிவு

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் புதியதன்று. 1902 ஆம் ஆண்டிலேயே, காவிரியாற்றின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே வந்த மின்சக்தி, இங்குள்ள சுரங்க இயந்திரங்களை இயக்கிற்று. அச்சுரங்கங்கள் 2001 இல் மூடப்பட்டன. அதே ஆண்டில் அருகிலுள்ள பெங்களூரில் ‘ரேவா’ என்னும் சிறிய மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. இன்று பல நிறுவனங்களின் மின்சாரக் கார்கள் நம் சாலைகளில் ஓடுகின்றன.

இக்கார்களில் எஞ்சின் இல்லை. எஞ்சின் எண்ணெயும் இல்லை. ஆதலால் இவற்றில் கசியக்கூடியது எதுவுமில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். இது பிழையான எண்ணம். பிரேக் திரவம் இவற்றிலும் உண்டு. அது கசியும்போது, ஓட்டுநர் அதனை நெடுநேரம் உணராமலே இருத்தலும் கூடும்.

பிரேக் இயங்கும் விதம்

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது 17 ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது தலைமை உருளையிலுள்ள திரவம் அழுத்தப்படுகிறது. அவ்வழுத்தம் குழாய்கள் வழியே சக்கரங்களை அடைந்து, உராய்வுப் பட்டைகளைத் தட்டின்மீதோ உருளியின்மீதோ அழுத்துகிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். ஊசி நீக்கிய இரண்டு சிரிஞ்சுகளை நீர் நிரம்பிய பிளாஸ்டிக் குழாயால் இணைக்க வேண்டும். ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே எழும். குழாயினுள் சிறிது காற்றை விட்டுப் பின் அழுத்தினால், காற்று சுருங்குமேயன்றி அழுத்தம் முழுமையாகச் செல்லாது. குழாயில் ஒரு துளையிட்டாலோ, நீர் வெளியேறி மறுமுனை அசையாது நிற்கும். கசிவின் இரு தீமைகளும் இச்சோதனையில் விளங்கும்.

குறை மறைந்து நிற்பது ஏன்?

மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்க வேறொரு வழியும் உண்டு. விசை மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் மின்னாக்கியாக மாறி, வண்டியின் இயக்க ஆற்றலை மின்சாரமாக்கிப் பாட்டரிக்கு அனுப்புகிறது. வண்டியின் வேகம் குறைகிறது. அன்றாட ஓட்டத்தில் பெரும்பகுதி இதனாலேயே நிறைவேறுவதால், திரவப் பிரேக்குக்கு வேலை குறைவு. சில கார்களில் மிதியின் இறுக்கம் தனியொரு கருவியால் உண்டாக்கப்படுவதால், காலின் உணர்வும் குறையைக் காட்டாமல் போகலாம்.

ஆனால் பாட்டரி நிறைந்திருக்கும்போது அது மேலும் மின்சாரத்தை ஏற்காது. இரவு முழுதும் மின்னேற்றிய காரைக் காலையில் உடனே சரிவில் இறக்கினால், வேகத்தைத் தடுக்கும் பொறுப்புத் திரவப் பிரேக்கையே சாரும். திடீரென நிறுத்த நேரும்போதும் அவ்வாறே. கசிவு அதுவரை மறைந்திருந்தால், அவ்வேளையில்தான் வெளிப்படும்.

கண்டறியும் முறை

முதலில் திரவக் கலத்தைப் பார்க்க வேண்டும். மட்டம் மேல் கோட்டிற்கும் கீழ்க் கோட்டிற்கும் இடையே இருத்தல் வேண்டும். பட்டைகள் தேயத் தேய மட்டம் மெல்லக் குறைவது இயல்பு. சில நாட்களில் விரைந்து குறைந்தால் கசிவு உண்டென்று கொள்ளலாம். எச்சரிக்கை விளக்கைப் புறக்கணிக்கலாகாது.

வண்டியை நிறுத்துமிடத்தில் இரவு வெள்ளைத் தாள் விரித்து வைத்தால் காலையில் கறை தெரியும். பிரேக் திரவம் பெரும்பாலும் இளமஞ்சளாக இருக்கும், பழையதாயின் பழுப்பாகும், விரலுக்கு வழுவழுப்பாகத் தோன்றும். தெளிந்த நீர் மட்டும் சொட்டினால் அது குளிர்சாதனத்தின் நீராக இருக்கலாம். பச்சை, நீலம் போன்ற நிறமுடையது பெரும்பாலும் பாட்டரியையோ மோட்டாரையோ குளிர்விக்கும் திரவமாகும்.

பின்னர் சக்கரங்களின் உட்புறம், வளையும் ரப்பர்க் குழாய்கள், துருப்பிடித்த எஃகுக் குழாய்கள், இணைப்புகள், தலைமை உருளையின் பின்புறம் ஆகியவற்றை வரிசையாகக் காண வேண்டும். மிதியை ஒரே அழுத்தமாகப் பிடித்திருக்க அது மெல்லத் தாழ்ந்து, கலத்தின் மட்டமோ குறையாதிருந்தால், தலைமை உருளையின் உள்ளடைப்புத் தேய்ந்திருக்கலாம்.

செப்பனிடும் முறை

கசிவு உறுதியான காரை ஓட்டலாகாது. திரவத்தை மேலும் ஊற்றி ஓட்டுவது பரிகாரமாகாது. வெடித்த குழாயை ஒட்டுப்போடாமல் புதிதாக மாற்ற வேண்டும். திரவத்தில் நனைந்த பட்டைகளையும் மாற்றுவதே முறை. வண்டியை உயர்த்தும்போது உற்பத்தியாளர் குறித்த இடங்களிலேயே தாங்கி வைக்க வேண்டும். தரையடியிலுள்ள பாட்டரியின்மீது தாங்கி படலாகாது. ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தமுடையவை; பயிற்சி பெறாதோர் அவற்றைத் தொடக்கூடாது.

தங்கவயலில் ஓர் எச்சரிக்கை சிறப்பாகத் தேவை. 1964 இல் நிறுவப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனத்தின் தொழிற்சாலையினால் மண்வாரி இயந்திரங்களின் எண்ணெய் இவ்வூரார் பலருக்குப் பழக்கமானது. பெட்ரோலியத்திலிருந்து பெறும் அவ்வகை எண்ணெயைக் காரின் பிரேக்கில் ஊற்றினால் ரப்பர் அடைப்புகள் உப்பிக் கெடும். கலத்தின் மூடியில் குறித்த வகையையே, திறக்காத புதிய டப்பாவிலிருந்து பயன்படுத்த வேண்டும். இத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ‘டாட் 4’ வகைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாயிருக்கையில் 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரி. நீண்ட மலைச்சரிவில் பிரேக் சூடேறி ஈரத்திரவம் கொதித்தால், ஆவிக்குமிழிகள் தோன்றி மிதி வீணாய்த் தாழும்.

இறுதியாகக் குழாயிலுள்ள காற்றை உற்பத்தியாளர் கூறும் வரிசைப்படி ஒவ்வொரு சக்கரத்திலும் வெளியேற்ற வேண்டும். சில கார்களுக்கு இதற்கெனத் தனி மின்னணுக் கருவி தேவைப்படும். அது இல்லாத பட்டறையில் இவ்வேலையைத் தொடங்குதல் தகாது. வேலை முடிந்தபின் மிதியை அழுத்திப் பார்த்து, ஆளில்லாச் சமதளத்தில் மெதுவாகச் சோதித்த பின்னரே சாலைக்குச் செல்ல வேண்டும்.

திரவக் கலத்தைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். மின்சாரக் காரில் பிரேக்கின் உண்மை நிலையைக் காலின் உணர்வைவிடக் கண்ணே நன்கறியும். வாரம் ஒருமுறை அதனைப் பார்க்கும் பழக்கத்தை ஓட்டுவோரிடையே வளர்ப்பது களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்க நற்பணியாகும்.