உங்களுக்குத் தெரியுமா? ஒரு பைட்டின் விலை 32 எம்பி!

● 16 ஜிபி நினைவகமுள்ள 64-பிட் கணினியில், 4,096 பைட் கொண்ட பக்கம் ஒவ்வொன்றுக்கும் லினக்ஸ் கெர்னல் பொதுவாக 64 பைட்டில் ஒரு விவரக்குறிப்பை வைத்திருப்பதால், அக்குறிப்பு அந்த அளவை ஒரே ஒரு பைட் மீறினாலும், 8-இன் மடங்காக நிரப்பப்பட வேண்டும் என்னும் நியமத்தினால், குறைந்தபட்சம் 32 எம்பி விரயமாகிவிடும்.

● விசேஷம் வரிசைக் கிரமத்தில் இருக்கிறது: இத்தகைய குறிப்பொன்றில் 1, 8, 1 பைட் உறுப்புகளை அப்படியே அடுக்கினால் 24 பைட் பிடிக்கும், பெரியதை முதலில் வைத்தால் 16 போதும். சி மொழிக் கம்பைலர் தானாக வரிசையை மாற்றாது; ஆகவே அந்தப் பொறுப்பு பூரணமாக நிரல் எழுதுபவருடையதே.

● தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு அளித்த மடிக்கணினிகளில் இடம்பெற்ற, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்துக்கும் லினக்ஸ் கெர்னலே ஆதாரம்.