கூட்டத்துக்கு வர இயலாதவரின் உரிமை

தோட்டத்தில் உழைக்கிற வரையில்தான் தோட்டத்து வீடு என்பது, துரைமார் காலத்திலிருந்து மலேசியத் தோட்டங்களில் ஊறிப்போன வழக்கம். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை பரந்து கிடக்கும் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. செங்குத்தான சரிவில் கொழுந்து மூட்டை சுமந்து முழங்கால் தேய்ந்தவர், மழையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர், இருவர் இருபுறம் பிடித்து நகர்த்தும் வெட்டு இயந்திரத்தின் இரைச்சலில் செவிப்புலன் மங்கியவர், மருந்தடித்து மருந்தடித்து மூச்சு வாங்குகிறவர் ஆகிய இவர்களுள் எவர் வேலைக்கு லாயக்கற்றவர் என்று எழுதப்பட்டுவிட்டாலும், கூலி நின்றுபோவதோடு, பிள்ளைகுட்டிகளோடு குடியிருக்கும் வீடும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது.

ஆகவே, சம்பளம், வீடமைப்பு, வைத்தியம் ஆகியவற்றைப் பற்றித் தொழிற்சங்கம் கூட்டுகின்ற கூட்டத்தில் எவருக்கு அதிக சம்பந்தம் உண்டோ, அவரே அக்கூட்டத்துக்கு வர முடியாதவராயும் இருக்கிறார். வேலை முடிந்து, இருட்டிய பிறகு, மேட்டுமேல் உள்ள கோயில் மண்டபத்தில் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். லயத்திலிருந்து அங்கே ஏறுவதற்கு மண்ணை வெட்டி அமைத்த படிகள். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மாலை மழை பெய்திருந்தால் செருப்புக்கடியில் செம்மண் வழுக்கும். எப்படியோ வந்து சேர்ந்தவருக்கு முதுகு சாய நாற்காலி இராது. தரையில் விரித்த பாயில் மடக்க முடியாத காலை மடக்கி உட்கார வேண்டும். பேச்சாளர் விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டாலோ, உதட்டசைவைப் பார்த்தே விஷயத்தை விளங்கிக்கொள்ளும் காது கேளாத தொழிலாளிக்கு அன்றைய கூட்டம் முழுவதுமே வீண். வராதவரைப் பற்றி மறுநாள் விசாரித்தால், "அவருக்கு உடம்புக்கு முடியாதே" என்ற ஒரே பதில் கிடைக்கும். அன்பினால் சொல்லப்படும் அந்தப் பதிலே அவரைச் சங்கத்தின் கணக்கிலிருந்து மெல்ல மெல்ல நீக்கிவிடுகிறது என்பதுதான் என் மனக்குறை.

2005ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில், பாட்டி பெர்ன், மியா மிங்கஸ் முதலிய, வெள்ளையரல்லாத மாற்றுத்திறனாளிகள் ஒரு சிந்தனையை வகுத்தார்கள். உரிமைச் சட்டங்கள் வழக்காட வசதியுள்ளவருக்கே பெரும்பாலும் பயன்படுகின்றன. ஏழைகளும், நிறத்தாலும் குடியுரிமையாலும் ஒதுக்கப்பட்டவர்களும் வெளியே நிற்கிறார்கள். ஆதலால் அதிகம் பாதிக்கப்பட்டவரே போராட்டத்தின் தலைமையில் இருத்தல் வேண்டும். ஒருவர் வருவதற்கும் கேட்பதற்கும் பேசுவதற்கும் வேண்டிய சௌகரியம் அவர் தனியே கெஞ்சிப் பெறும் சலுகையன்று, கூடுகின்ற அனைவருடைய பொதுக் கடமை என்பது அதன் சாரம். இலங்கை வம்சாவளியில் வந்த லியா லட்சுமி பியெப்ஸ்னா-சமரசிங்க 2018இல் வெளியிட்ட 'கேர் வொர்க்' என்னும் நூலும் இதனையே விரித்துப் பேசுகிறது. இது நமக்கு அந்நியமான உபதேசம் அல்ல. ஐரின் பெர்னாண்டஸ் தலைமையில் தெனாகனித்தா என்னும் மலேசிய அமைப்பு 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உபாதைகளை அவர்களிடமே கேட்டறிந்து உலகுக்கு எடுத்துச் சொன்னது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மலேசியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டது 2020 ஜனவரியில்தான் என்றாலும், அத்தடைக்கான நெடிய பிரயத்தனத்துக்குச் சாட்சியம் அளித்தவை நோயுற்ற உடல்களே.

சட்டம் என்ன தருகிறது? 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுக் கட்டடம், போக்குவரத்து, கல்வி, வேலை ஆகியவற்றில் சம உரிமையை ஒப்புக்கொள்கிறது. மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாகவும் அங்கீகரிக்கிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றது. ஆனால் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில், உரிமையை மறுப்பவருக்குத் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுக்க இயலாதபடி 41ஆவது பிரிவு வேலி போட்டிருக்கிறது. அரசியலமைப்பின் 8ஆவது விதியில் தடுக்கப்பட்ட பாகுபாடுகளின் வரிசையில் உடற்குறை இடம் பெறவில்லை. ஆகவே இந்தச் சட்டத்தை மாத்திரம் நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

தோட்டத் தொழிலாளிக்கு உடனடியாக அனுகூலம் தரவல்லது சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்தான். வேலையிலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ நேர்ந்த விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவித்தாக வேண்டும். "சின்னக் காயந்தானே, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ" என்று மண்டோர் சொல்வதைக் கேட்டு விட்டுவிட்டால், நாளை அந்தக் கால் ஊனமான பிறகு, விபத்து நடந்ததை நிரூபிப்பதே பெரும் பாடாகிவிடும். கிளினிக் சீட்டு, உடன் இருந்தவரின் பெயர், நாள், நேரம் இவற்றை அன்றே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவ வாரியத்தின் முடிவு திருப்தியளிக்காவிடில் மேல்முறையீடு உண்டு. நேப்பாளிகளும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நம்மோடு தோளோடு தோள் நின்று உழைக்கும் இந்நாளில், 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்க்கும் சொக்சோவின் விபத்துப் பாதுகாப்பு உண்டு என்பதை அவர்களுடைய பாஷையிலேயே எடுத்துச் சொல்வதும் சங்கத்தின் பொறுப்பு. மலேசியக் குடிமக்கள், சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டைக்கும், அதையொட்டிய உதவித்தொகைக்கும் மனுச் செய்யலாம். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பதைவிடப் புண்ணியமான சங்க வேலை வேறு உண்டோ!

சங்கத்தால் இயலும் காரியங்கள் பல, பணம் அதிகம் வேண்டாதவை. கூட்டத்தை ஞாயிறு பகலில், சாலையை ஒட்டிய சமதள இடத்தில் வைக்கலாம். இடத்தைத் தீர்மானிப்பதற்கு முன்பே, நடக்கச் சிரமப்படும் ஒருவரை அழைத்துச் சென்று கழிவறை வரை பார்க்கச் செய்யலாம். படியின்மேல் சரிவாகப் பலகை போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. சரிவு செங்குத்தாக இருப்பின் சக்கர நாற்காலி பின்னுக்கு உருண்டுவிடும். மலைக்குளிரில் மூட்டுவலிக்காரர் நெடுநேரம் உட்கார முடியாதாகையால் நடுவே ஓய்வு வேண்டும். வரவே முடியாதவரின் வீட்டுக்குத் தலைவரே முன்னதாகச் சென்று நிகழ்ச்சி நிரலைப் படித்துக் காட்டி, அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டு வந்து கூட்டத்தில் அவர் பெயரால் வாசிக்கலாம். கைப்பேசி வந்துவிட்ட காலத்தில், அவர் படுக்கையிலிருந்தபடியே பேச, கூட்டம் கேட்கலாம். பொது இடத்தில் பேரணி என்றால், அமைதிப் பேரணிச் சட்டப்படி ஐந்து நாட்களுக்கு முன்பே போலீசுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருப்பதால், அந்த இடைவெளியிலேயே வாகனத்துக்கும் சைகை மொழிபெயர்ப்பாளருக்கும் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

வெளியே வந்து பேசியதற்காகப் பழிவாங்கப்படுவோமோ என்ற அச்சம் நியாயமானது. சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தொழிலாளியைத் தண்டிப்பதை 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டம் தடுக்கிறது. 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின் 69எஃப் பிரிவின் கீழ், வேலையில் காட்டப்படும் பாகுபாட்டைப் பற்றித் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். வீட்டைப் பற்றிய அச்சத்துக்கு மாத்திரம் இவற்றில் நேரான பரிகாரம் இல்லை. விபத்தினாலோ தொழில்நோயினாலோ வேலை இழந்தவர் இன்ன காலம் வரை வீட்டை விட்டு வெளியேற்றப்படலாகாது என்னும் ஷரத்தைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதச் செய்வதே வழி; அதற்கான பேச்சுவார்த்தைக் குழுவில், அவ்வாறு வேலை இழந்த ஒருவர் ஆலோசகராக அல்ல, முழு உறுப்பினராக அமர வேண்டும்; அவர் மலையிறங்கிப் போய்வரும் வாகனச் செலவும், உடன் செல்பவரின் ஒருநாள் கூலியும் சங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.