மக்குதலும் நொறுங்குதலும்

குப்பைக் குழியில் எறிந்த வாழையிலை சில நாள்களில் கறுத்துக் குழைகிறது. சில திங்களில் மண்ணோடு மண்ணாகிறது. மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியங்களும் அதனை உண்டு செரித்துவிடுகின்றன. இதனையே மக்குதல் என்கிறோம். பாலித்தீன் பையோ ஆண்டுகள் பல கடந்தும் பையாகவே கிடக்கிறது. இதற்குக் காரணம் யாது?

1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் தற்செயலாகத் தோன்றிய பொருள் பாலித்தீன். அதன் மூலக்கூறு, ஆயிரக்கணக்கான கரியணுக்கள் கைகோத்து நிற்கும் நெடுஞ்சங்கிலி ஆகும். நுண்ணுயிர்கள் தம் உடலுள் ஈர்த்துக்கொள்ள இயலாத அளவுக்கு அது நீண்டது.

அதனை மக்கச் செய்வதற்கு அறிஞர் வேறு பொருள்களைக் கலந்து பார்த்தனர். முதலில் மாவுப்பொருளைக் கலந்தனர். நுண்ணுயிர்கள் மாவை உண்டன, நெகிழியைத் தீண்டவில்லை. சோற்றில் கல் கிடந்தால் நாம் செய்வதும் அதுதானே! பின்னர் இரும்பு, மாங்கனீசு, கோபால்ட்டு முதலிய உலோகங்களின் உப்புகளைச் சிறிதளவு சேர்த்தனர். வெயிலும் வெப்பமும் படும்போது, இவ்வுப்புகளின் துணையால் காற்றிலுள்ள உயிர்வளி அச்சங்கிலியை ஆங்காங்கே அறுக்கிறது. அறுபட்ட துண்டுகள் மிகச் சிறியனவாகி உயிர்வளியும் சேருமாயின், நுண்ணுயிர்கள் அவற்றை உண்ணக்கூடும். கொள்கையளவில் இது பொருந்துவதே. ஆயினும் மண்ணுள் புதைந்த பைக்கு வெயில் ஏது? கடலுள் மூழ்கிய பைக்கு வெப்பம் ஏது?

இங்கிலாந்திலுள்ள பிளிமத் பல்கலைக்கழகத்தார் இதனைச் சோதித்தறிந்தனர். இவ்வகைப் பைகளையும், ‘மக்கும்’ என விற்கப்பட்ட வேறொரு பையையும், எதுவும் கலவாத வழக்கமான பையையும் மண்ணிலும் கடல்நீரிலும் திறந்த வெளியிலும் இட்டு வைத்தனர். மூன்றாண்டு கழிந்தபின்னும், மண்ணிலும் கடலிலும் இருந்த அப்பைகள் கடைப்பொருள்களைச் சுமக்கும் வலிவுடன் இருந்தன! திறந்த வெளியில் இருந்தவையோ ஒன்பது திங்களுக்குள் துணுக்குகளாகச் சிதறின. உப்புக் கலந்த பை மட்டுமன்று. கலவாத பையும் அவ்வாறே சிதறியது. இம்முடிவுகள் 2019-இல் வெளியாயின.

மாணவர்களே, இங்கே சொல்லின் பொருளைக் கூர்ந்து நோக்குங்கள். அப்பளம் நொறுங்கும், நொறுங்கிய அப்பளத்தை மக்கியது என்பார் எவருமில்லை. துணுக்கான நெகிழியும் நெகிழியே. கண்ணுக்குப் புலப்படாத அளவினதாகி அது நீரிலும் மண்ணிலும் கலக்கிறது. பெரிய பையையாவது கையால் பொறுக்கி எடுக்கலாம்; துணுக்குகளைப் பொறுக்குவார் யார்?

உப்புக் கலந்து நொறுங்கச் செய்த இவ்வகை நெகிழிப் பொருள்களை விற்பனைக்குக் கொணர்தல் ஆகாது என ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் சட்டம் இயற்றியது. 2021 சூலைத் திங்களில் தடை நடைமுறைக்கு வந்தது. அவை முறையாக மக்குவதில்லை என்பது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. பழைய நெகிழியை உருக்கிப் புதிய குழாய் வார்க்கும்போது இப்பைகள் கலந்துவிட்டால், நெடுநாள் உழைக்க வேண்டிய அக்குழாயும் விரைவில் நொறுங்கக்கூடும்.