வில்லியனூர்ச் சாலையின் எல்லைகள்: தனி லாரிக்காரரின் உரிமைகளும் பொறுப்புகளும்

புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பாக அமையாமல் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கிடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதால், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஒதியம்பட்டிலிருந்து சொந்த லாரியில் சரக்கேற்றிப் புறப்படுபவர் மாநில எல்லையைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. விழுப்புரம் சாலையில் வில்லியனூரைக் கடந்தால் தமிழ்நாட்டின் கண்டமங்கலம் வருகிறது; அதைத் தாண்டியதும் திருபுவனையும் மதகடிப்பட்டும் மீண்டும் புதுச்சேரிக்குள் அமைகின்றன. டீசல் விலைப்பலகையைக் கொண்டே உள்ளூரார் உணரும் இந்த எல்லையை மோட்டார் வாகனச் சட்டமும் சரக்கு, சேவை வரிச் சட்டமும் வெவ்வேறு கண்களால் பார்க்கின்றன என்பதே, பக்கச் சுவரில்லாத திறந்த தளத்தையுடைய ‘பிளாட்பெட்’ வண்டியை வாங்கித் தனியே தொழில் தொடங்குபவர் முதலில் அறிய வேண்டியது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்குடன் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிகள் நீங்கலாக, சரக்கு வாகனங்களுக்குப் பொதுவாக ‘பெர்மிட்’ எனும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு மாநிலம் தந்த பெர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்லுபடியாக அம்மாநிலத்தின் மேலொப்பம் தேவை என்பது 88ஆம் பிரிவின் பொதுவிதி. ஆயினும் புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, இடைவழி மட்டும் 16 கிலோமீட்டருக்கு மேற்படாமல் பிற மாநிலத்தில் அமைந்தால் மேலொப்பம் வேண்டியதில்லை என அதே பிரிவு விலக்களிக்கிறது. புதுச்சேரிக்கென்றே எழுதியதுபோல் தோன்றும் இவ்விலக்கு, வில்லியனூரிலிருந்து திருபுவனைக்குச் செல்லும் லாரிக்குப் பொருந்துமேயன்றி, விழுப்புரத்தில் சரக்கை இறக்கும் லாரிக்குப் பொருந்தாது.

ஆகவே பெரும்பாலோர் நாடு முழுவதும் செல்லுபடியாகும் ‘நேஷனல் பெர்மிட்’டையே நாடுகின்றனர். ஆண்டுக்கு 16,500 ரூபாய் தொகுப்புக் கட்டணம் கொண்ட இதனை, 12 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கும், பல அச்சு வண்டியாயின் 15 ஆண்டுக்கு மேற்பட்டதற்கும் பெற இயலாது என்பதால், மலிவாகக் கிடைக்கும் பழைய லாரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதன் வயதைக் கணக்கிட்டாக வேண்டும். மேலும், இந்தப் பெர்மிட்டைக் கொண்டு பிற மாநிலமொன்றின் இரு ஊர்களுக்கிடையே சரக்கு ஏற்றி இறக்கலாகாது. விழுப்புரத்தில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப மனமின்றிக் கடலூருக்கு லோடு பிடிக்கும் புதுச்சேரி லாரி இவ்விதியை மீறுகிறது.

பெர்மிட் இல்லாமல் விபத்து நேர்ந்தால் வரும் இழப்பு அபராதத்தைவிடப் பன்மடங்கு பெரியது. அத்தகைய வழக்கொன்றில், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு அத்தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்ற நிலையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரே லாரியை வைத்திருப்பவருக்கு அது லாரியையே இழப்பதற்கு ஒப்பாகும். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, மொத்த எடை 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அந்நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருந்தாலும், இரும்பும் இயந்திரமும் ஏற்றும் பிளாட்பெட்டுகள் பொதுவாக அவ்வரம்பைத் தாண்டிவிடுகின்றன.

திறந்த தளத்தில் சரக்கு எளிதில் வெளியே நீண்டுவிடும். வண்டிக்குப் பின்னால் ஒரு மீட்டர் வரை கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம் என்ற பழைய சலுகை 2014இல் நீக்கப்பட்டது. பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ வரம்பு மீறி நீண்டால் 20,000 ரூபாயும், அளவுக்கு மீறிய பாரத்துக்கு 20,000 ரூபாயுடன் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். எடைபோட மறுத்தால் 40,000 ரூபாய். லோடு கொடுப்பவரின் வற்புறுத்தல் இங்கே விலக்காகாது.

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்குக்கு ‘இ-வே பில்’ எனப்படும் மின்வழிச் சீட்டு வேண்டும். அதன் இரண்டாம் பகுதியில் வண்டி எண் சரியாக இருக்கிறதா என்பதை ஓட்டுநரே பார்த்துக்கொள்வது நலம். ஒருமுறை வழியில் சோதிக்கப்பட்ட சரக்கை, வரி ஏய்ப்பு பற்றிய குறிப்பான தகவல் இருந்தாலன்றி, வேறெங்கும் மறுபடி சோதிக்கலாகாது. 30 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தி வைத்தால் அதை இணையதளத்தில் பதிவுசெய்யும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு. விதிமீறலுக்காகச் சரக்கோடு வண்டியும் பிடித்துவைக்கப்பட்டபின் சரக்கின் உரிமையாளர் அபராதம் செலுத்தாமல் கைவிட்டாலும், அந்த அபராதத் தொகை அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் குறைந்ததைக் கட்டி வண்டியை மீட்கச் சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 129ஆம் பிரிவு வழி செய்கிறது.

வாடகைப் பாக்கி மற்றொரு தொல்லை. உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் உரிமையாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிடில் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் சேர வேண்டும் என 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி சேரும், புகாரை இதற்கென அமைந்த வசதியாக்கல் மன்றத்தில் அளிக்கலாம். லோடு ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிவை முடிப்பது பாதுகாப்பானது. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் நிறுவனம் தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும் என்பதால் வழக்கை இழுத்தடிப்பது எளிதன்று. ஆயினும் இவ்வளவுக்கும் அடிப்படையாக நிற்பது, சரக்கை இறக்கிய இடத்தில் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்கிப் பத்திரப்படுத்திய ரசீதுப் பிரதியே.